டீசலும் மருந்துதான்

ஞாயிற்றுக்கிழமை நம்மூர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிய அந்த போட்டோவைப் பற்றித்தான். கரண்ட் போனால் சமாளிக்க நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்தது. ஒரு இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி, அதைத் தொட்டுக்கொண்டு பதினோரு பேர். நடுவில் டாக்டரம்மா, பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிற்கிறார். "இது பெருமைப்படுற விஷயமாங்க?" என்று ஒரு வரி போட்டேன். இன்னும் திட்டு வாங்கி முடியவில்லை.

கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. பேட்டரி மேல் பெயிண்டில் 'உபயம்' என்று எழுதியதைத் தவிர. கோயில் டியூப்லைட்டில் எழுதி வெளிச்சத்தை மறைத்தது போதாதா? சரி, அதை விடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை வாங்க நாம் ஊரில் வசூல் பண்ணுவதில்லை. டீசலும் மருந்துதான், பேட்டரியும் மருந்துதான். வருஷா வருஷம் அரசு பணம் ஒதுக்கி வாங்கித் தர வேண்டியது.

கரண்ட் போவது என்ன எதிர்பாராத சம்பவமா? மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை இன்னின்ன ஊரில் இருக்காது என்று பேப்பரிலேயே போடுகிறார்கள். தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டியாவது சில மணி நேரம் குளிர் தாங்கும். பிறந்த குழந்தையைக் கிடத்தும் வார்மர் அந்த நொடியே அணைந்துவிடும்.

பல்லடம் பக்கம் ஈசி ஷெட், அதாவது ஃபேன் வைத்துக் குளிர்ச்சி குறையாமல் பார்த்துக்கொள்ளும் மூடிய கோழிக் கொட்டகை, வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். மே மாதத்தில் அரைமணி நேரம் ஃபேன் நின்றால் கோழி கொத்துக் கொத்தாகச் சாயும். என் மச்சான் பண்ணையில் ஜெனரேட்டர் ரெண்டு, ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று. நாற்பது நாளில் கறிக்குப் போகிற கோழிக்கு ரெண்டு!

2012 ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கு ரெண்டு மணி நேரம் வெட்டு, நமக்குப் பத்து, பன்னிரண்டு. அப்பாவை ஒரு அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருந்தது, டேங்கில் டீசல் இல்லை. பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கையால் அமுக்கிக்கொண்டே சிஸ்டர் சொன்னார்: "ஏனுங்ண்ணா, வண்டி இருந்தா பங்க்ல அஞ்சு லிட்டர் டீசல் வாங்கியாந்துருங்க. பில்லு வேண்டாமுங்க, பாஸ் ஆகாது." டிவிஎஸ் ஃபிஃப்டியில் கேனைக் கட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோதும் கை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டுதான் இருந்தார், உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு. கட்டை விரல் ரெண்டும் வெளுத்திருந்தன. "நீ எவ்வளவு குடுத்த?" என்று கமெண்ட்டில் கேட்ட தம்பி, அந்தக் காசை நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. போதுமா சாமி?

அப்புறம் இன்னொரு கமெண்ட், "எல்லாத்துக்கும் அரசாங்கத்துகிட்டயே கையேந்தணுமா?" கையேந்துவது எது தெரியுமா? வரியும் கட்டிவிட்டு ஸ்பான்சர் தேடுவதுதான். யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த மண் இது. அவர்கள் யாரிடம் கையேந்தினார்கள்?

"சோலார் போட்டாப் போச்சு." போகாது. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் பேனல், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்களுக்குப் பேட்டரியோடு சோலார் போட்டார்கள், அரசுப் பணத்தில். அந்தப் பேட்டரியையும் சில வருஷத்தில் மாற்றியாக வேண்டும், அதற்கும் காசு வேண்டும்.

"டீசலுக்குக் காசு குடுத்தா திருடுவாங்க." திருடுவார்கள்தான், சில இடத்தில். அதற்காக?

எம்.பி. நிதி வருஷத்துக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. நிழற்குடை வரும், ஹைமாஸ் லைட் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் ஜெனரேட்டரும் வரும். டீசலுக்கு மட்டும் வராது. ரிப்பன் கட்ட முடியாதே.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் வீட்டுப் பிரசவம் அந்த நிலையத்தில் நடந்தது? எல்லோரும் அவிநாசி ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்குத்தானே போகிறோம்? நானும்தான், என் மகள் பிறந்ததும் தனியாரில்தான். அங்கே விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். நம்மூர் நிலையத்துக்குப் போவது தறி ஓட்டுகிறவர்களும் காட்டு வேலைக்குப் போகிறவர்களும். அவர்களுக்கு இது போதும் என்று நாமே முடிவு பண்ணிவிட்டோம். அதைத்தான் அன்று ஒரு வரியில் கேட்டேன். அதற்குப் போய் "ஊர் ஒத்துமையைக் கெடுக்கிறவன்" என்று எழுதியது என்னோடு பத்தாவது வரை படித்தவன்.

வரும் புதன்கிழமை நம் ஃபீடரில் 9 முதல் 4 வரை கரண்ட் இல்லை, பேப்பரில் வந்திருக்கிறது. அந்தப் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தியிருக்கிறார்களா என்று பதினோரு பேரில் யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போட்டோ வேண்டாம்.