ஜாகுவார் தன் பாயும் சின்னத்தைத் தூக்கி எறிந்துவிட்டதா?

“மின்சார காருக்கு மாறும் ஜாகுவார் தன் பாயும் விலங்குச் சின்னத்தைத் தூக்கிவிட்டது, பந்தயத்தையும் விட்டுவிட்டது” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2024 நவம்பரில் மாறியது பெயரை எழுதும் விதம். பாயும் சின்னம் வேறு வடிவில் தொடர்கிறது. அடுத்த மாதம் மியாமியில் காட்டிய டைப் 00 மாதிரிக் காரின் பக்கவாட்டில், பித்தளைத் தகட்டில் லேசரால் பொறித்திருக்கிறார்கள். புது எழுத்து பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம் (எனக்கும் பிடிக்கவில்லை).

பந்தயம்? ஃபார்முலா ஒன்னிலிருந்து ஜாகுவார் விலகியது 2004-ல். அந்த அணிதான் ரெட் புல் ஆனது. பழைய கதையைப் புதுச் செய்தியாக்கிவிட்டார்கள் போல. மின்சாரப் பந்தயமான ஃபார்முலா இ-யில் 2016 முதல் ஜாகுவார் ஓடுகிறது. 2023-24 அணிப் பட்டமும் அதற்கே. ஜாகுவார், ஃபார்முலா இ தளங்களிலேயே பார்க்கலாம். இனி அனுப்பாதீர்கள்.