அட்வான்ஸ் நம் காசு இல்லை

சி பிளாக்கில் வாடகைக்கு இருந்தவர் காலி செய்கிறபோது, அவர் அட்வான்ஸில் ஓனர் இஷ்டத்துக்குப் பிடித்தம் செய்வது தப்பு என்று நம் அபார்ட்மென்ட் குரூப்பில் பதில் போட்டேன். அதற்கு மூன்று பேர் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். "நீங்களும் ஒரு ஓனர்தானே, இப்படி எழுதலாமா, நாளைக்கு எங்கள் வீட்டில் இருப்பவர்களும் கேள்வி கேட்க ஆரம்பித்தால் என்ன செய்வது" என்று. ஒருவர் என்னை பிளாக்கே செய்துவிட்டார். எட்டு வருடமாகக் காலையில் என்னோடு நடக்க வருகிறவர்.

ஆமாம், நானும் ஓனர்தான். அதனால்தான் சொல்கிறேன். அட்வான்ஸ் நம் காசு இல்லை. குடியிருப்பவர் நம்மிடம் கொடுத்து வைத்திருக்கிற காசு.

சி பிளாக்கில் ஏழு வருடம் இருந்தவருக்கு 90,000 ரூபாய் திருப்பித் தர வேண்டும். பெயின்டுக்கு 45,000 பிடித்தம், ஆணி ஓட்டைகளுக்கு 6,000 பிடித்தம், மிச்சத்தை "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று ஒரு வார்த்தை. அடுத்த ஆள் எப்போது வருவார், வருவாரா என்பதெல்லாம் காலி செய்து போகிறவரின் கவலையா? அவர் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாமா? லாரிக்குக் கொடுக்க வேண்டாமா?

ஏழு வருடம் மனிதர்கள் புழங்கிய சுவர் மங்கத்தான் செய்யும். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-ல் போட்ட சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது எல்லாம் ஓனர் பொறுப்பு என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரி சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவர் தலையில். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்தால்தான் என்று அதில் எங்கும் இல்லை.

1996-ல் மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். காலி செய்கிற அன்று வீட்டுக்காரர் பென்சிலோடு வந்து, அம்மா காலண்டர் மாட்ட அடித்த ஆணி, சாமி படத்து ஆணி என்று ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டார். பதினோரு வட்டம். அப்பா ஒன்றும் பேசாமல் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். சாமான் ஏற்றின வண்டிக்காரர் வாடகைக்குக் காத்திருந்தார். அன்று அப்பா முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முந்தாநாள் குரூப்பில் அந்தப் பிடித்தப் பட்டியலில் 'ஆணி ஓட்டை' என்று படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. மிகைப்படுத்தவில்லை.

"குடி வருகிறவர்கள் மட்டும் யோக்கியமா" என்று கேட்பீர்கள். என் மேடவாக்கம் வீட்டில் ஒருவர் இரண்டு மாத வாடகையும் கரண்ட் பில்லும் வைத்துவிட்டுப் போனார், வாஷ்பேசினும் உடைந்திருந்தது. கழித்துக்கொண்டேன், பில்லைக் காட்டி. அதற்குத்தான் அட்வான்ஸ். குடி வருகிற அன்றே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள், மீட்டர் ரீடிங்கைக் குறித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், அக்ரிமென்டை எழுதியதோடு விடாமல் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். பதினோரு மாதம்தானே, பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொல்வதைக் கேட்காதீர்கள். இதையெல்லாம் செய்தால் சண்டைக்கே இடமில்லை.

"அட்வான்ஸைத் திருப்பித் தரக் கையில் காசு இல்லை, என்ன செய்வது" என்று ஒரு ஓனர் கேட்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் ஒத்துக்கொள்ள முடியாது. நானும் அந்த மேடவாக்கம் வீட்டை 2014-ல் 42 லட்சத்துக்கு வாங்கினேன், 30 லட்சம் கடன். இ.எம்.ஐ. 29,000 சொச்சம், வந்த வாடகை 14,000. மெயின்டனன்ஸ், சொத்து வரி போக என்ன மிஞ்சும்? வாடகையை நம்பி இ.எம்.ஐ. கட்டலாம் என்று பில்டர் ஆபீசில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் அட்வான்ஸை எடுத்துச் செலவழிக்கிறார்கள். அப்புறம் காலி செய்கிறேன் என்று ஒருவர் சொன்னதும் அவர்மேலேயே எரிச்சல் வருகிறது. வாங்கிய அன்றே அதை எஃப்.டி.யில் போடுங்கள். வட்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத இ.எம்.ஐ. கையில் இல்லாதவர் வாடகைக்கு விடுவதற்கென்று இரண்டாவது வீடு வாங்கவே கூடாது என்பது என் கருத்து, கசப்பாக இருந்தாலும்.

காசு மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் தெரு முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. முழங்கால் தண்ணீரில் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்து நான்காவது மாடிவரை ஏறிக் கொடுத்தது யார்? இதே சி பிளாக் மனிதர்தான். என் மாமியாருக்கு மாத்திரை வாங்கி வந்ததும் அவர்தான். அசோசியேஷன் கூட்டத்தில் அவரைப் பேச விட்டோமா? "டெனன்ட் எல்லாம் கடைசியில் பேசலாம்" என்றோம். கடைசியில் நேரம் இல்லை என்றோம். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இப்போதாவது திறந்தால் நான் துரோகியா?

என் மேடவாக்கம் வீட்டில் இருப்பவர்கள் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். அவர்கள் கொடுத்த 70,000 தனியாக இருக்கிறது. மீட்டரைப் பார்த்துவிட்டு, சாவி வாங்குகிற இடத்திலேயே அனுப்பிவிடுவேன். அடுத்த ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

பிளாக் செய்த நண்பருக்கு இது போய்ச் சேராது. யாராவது சொல்லுங்கள், நாளைக் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல கேட் பக்கத்தில் நிற்பேன்.