மில்லிங் மெஷினின் டேபிளை ஓட்டிப் பார்த்தால் ஹெட்டின் சாய்வு தெரியாது
"டயல் இண்டிகேட்டரை (நுனி நகர்வதை முள்ளால் காட்டும் அளவுக்கருவி) ஸ்பிண்டிலில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) மாட்டி டேபிளை இடவலமாக ஓட்டுங்கள், முள் அசையாவிட்டால் மில்லிங் ஹெட் (ஸ்பிண்டில் இருக்கும் மேல்பகுதி) டேபிளுக்கு நேராக இருக்கிறது" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. ஹெட் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் முள் அசையாது. நுனி ஒரே இடத்தில் நிற்க, டேபிள்தானே அடியில் நகர்கிறது! டேபிளின் மேற்பரப்பு அதன் ஓட்டத்துக்கு இணையா என்பதை மட்டுமே அது காட்டும்.

சாய்வைப் பார்க்க, டேபிளை நிறுத்தி, ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் குழலான குயிலைப் (quill) பூட்டி, நுனி டேபிள்மேல் வட்டமாக ஓடும்படி ஸ்பிண்டிலைக் கையால் சுற்ற வேண்டும். இருபக்கமும் முள் ஒரே அளவு காட்டினால் ஹெட் நேர். டேபிளில் உள்ள டி-ஸ்லாட்டில் (போல்ட் மாட்டும் பள்ளம்) நுனி விழுந்து முள் துள்ளும். அதனால் ஒரே பேரலல் கட்டையை (இருபக்கமும் துல்லியமாக இணையாக உள்ள இரும்புக் கட்டை) இருபக்கமும் மாற்றி வைத்து அளப்பது நல்லது. 200 மி.மீ. விட்டத்தில் 0.02 மி.மீ. வித்தியாசம் என்றால் மேற்பரப்பைச் சீவும் 50 மி.மீ. ஃபேஸ் கட்டரின் குறுக்கே 0.005 மி.மீ.தான். வீட்டுப் பட்டறைக்கு அது தாராளம். அப்புறம், ஹெட்டின் போல்ட்டை இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போதே ஹெட் கொஞ்சம் நகர்ந்துவிடும்.