யாரிடம் சோதித்தீர்கள் என்று கேட்பது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மண்டபத்தில் நீரிழிவுக்காரருக்காக நடந்த கண் பரிசோதனையில் நான் கேள்வி கேட்டதைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் "திருகோணமலைக்கு நல்லது ஏதும் வந்தால் இந்த டீச்சருக்குப் பொறுக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் நன்கு பழகியவர்களே அதற்கு விருப்பக்குறி போட்டிருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீரிழிவுக்காரரின் விழித்திரையைப் படம் பிடித்துப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி 94 வீதம் சரியாகச் சொல்லும் என்று பரிசோதனையை நடத்தியவர்கள் சொன்னார்கள். யாரிடம் சோதித்து இந்த 94 வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் வெளிநாட்டில் நிரூபித்தாயிற்று, பின்னால் வரிசை நிற்கிறது" என்றார்கள். மேடையில் சிலர் சிரித்தார்கள்.

நான் கணிதம் கற்பிப்பவள். சாதாரண தரப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்கிறேன். நூறு பேரில் ஆறு பேருக்குத்தான் பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணையும் பார்க்காமல் நூறு பேருக்கும் "பாதிப்பு இல்லை" என்று முத்திரை குத்தி அனுப்பினாலும் 94 பேர் விடயத்தில் அது சரிதான். அதுவும் 94 வீதம்தான்! பார்வை போகக்கூடிய அந்த ஆறு பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே, நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைக் கண்டுபிடித்தது, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியது என்று தனித்தனியே சொல்ல வேண்டும். யாரிடம் சோதித்தது என்றும் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் நிரூபித்தாயிற்றாம். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான வைத்தியசாலைகளில் இருந்த எபிக் என்ற மருத்துவ மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் உயிராபத்தான நிலை) எச்சரிக்கை முறையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தங்கள் சொந்த நோயாளர்களிடம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 வீதமானோரை அது தவறவிட்டிருந்தது. உருவாக்கியவர்கள் சொன்ன கணக்கு வேறு, கட்டிலில் கிடந்த நோயாளர் காட்டிய கணக்கு வேறு. கண் விடயத்துக்கே வருகிறேன். கூகுள் தன் விழித்திரைக் கருவியைத் தாய்லாந்துக் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது, படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத் தரம் போதாது என்று அந்தக் கருவியே ஏற்கவில்லை. அறையில் போதிய இருட்டு இல்லாதது அதற்கு ஒரு காரணம். அதை 2020இல் வெளிப்படையாக எழுதியவர்களும் கூகுள் ஆய்வாளர்களே. எங்கள் மண்டபத்தில் ஜன்னல்கள் எல்லாம் திறந்தே கிடந்தன. எத்தனை படங்கள் கழிக்கப்பட்டன? இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

"கண் வைத்தியரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கும் சனத்துக்கு இதாவது கிடைக்கட்டுமே" என்பவர்களின் கவலை நியாயமானது. தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு கிளினிக்குக்கு வருகிறவர்களின் சிரமம் எனக்கும் தெரியும். ஆனால் ஏழை என்பதற்காகச் சோதிக்காததைக் கொடுக்கலாமா? "நீ என்ன டாக்டரா?" என்பவர்களுக்கு, இல்லை. கணக்குக் கேட்க டாக்டராக இருக்கத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்று என் தங்கையே கேட்டாள். 2021 ஆகஸ்டில் எங்கள் பெரியப்பா கொரோனாவுடன் வீட்டில் இருந்தார். இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று பார்க்க விரலில் மாட்டும் கருவி 94, 95 என்று காட்டியது. மூச்சு வாங்குகிறது என்று பெரியம்மா அழுதார். தொலைபேசியில் பேசியவர், எண் நன்றாகத்தானே இருக்கிறது, வீட்டிலேயே வைத்திருங்கள் என்றார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. பிறகுதான் 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை வாசித்தேன். அந்தக் கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் இரத்தத்தில் ஒட்சிசன் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். பெரியப்பாவுக்கு நடந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அதை நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் எங்கள் தோலின் நிறத்தில் இதைச் சோதித்தீர்களா என்று யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டாமா? எண்ணைப் பார்த்தார்கள், மூச்சுத் திணறிய மனிதரைப் பார்க்கவில்லை.

என்னை அறிவியலின் எதிரி என்பதுதான் மிகவும் வலிக்கிறது. 2020 டிசம்பரில், கொரோனாவைக் குணப்படுத்தும் என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. அந்தப் பாணியை வாங்கி வரச் சொன்ன சொந்தக்காரர்களிடமும் யாரிடம் சோதித்தார்கள் என்றுதான் கேட்டேன். அப்போது என்னைப் பாராட்டிய அதே ஆட்கள், கேள்வி கணினியை நோக்கித் திரும்பியதும் எனக்கு வாயை மூடச் சொல்கிறார்கள். ஒரு பெண், அதுவும் சாதாரணப் பள்ளிக்கூட டீச்சர், கோட்டுப் போட்டவர்களைக் கேள்வி கேட்டுவிட்டாள் என்பதுதான் உங்கள் பிரச்சினையோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

திட்டுகிறவர்கள் திட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை "பாதிப்பு இல்லை" என்ற சீட்டை வாங்கியவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. வழக்கமான கண் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு வைத்தியர் பார்க்கட்டும். சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள்.