எந்தப் படம்?

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆல்பத்தை நடுவில் நிறுத்திய பெரியவரைப் பார்த்து நான் கத்தினேனாம். கத்தவில்லை. "முழுசா கேட்டுட்டுப் பேசுங்க சார்" என்றேன், அவ்வளவுதான். சரி, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

மறந்துபோனவர்களுக்காக ஒருமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு கூடுகிறோம். போன மாதம் வெளியான சுயாதீன ஆல்பங்களில், அதாவது சினிமாவுக்கு இல்லாமல் பாடுகிறவர்கள் தாங்களே போட்டவற்றில், இரண்டை எடுத்து முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கிறோம். நடுவில் நிறுத்தக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. ஓர் ஆல்பத்துக்கு நாற்பது நிமிடம். அதற்கப்புறம் கிழித்துத் தொங்கவிடுங்கள், யார் வேண்டாம் என்றது?

இந்த ஞாயிறு நாம் கேட்ட ஆல்பத்தைப் போட்ட தம்பி கோலார் தங்கவயலில் இருந்து வந்தவன். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001-ல் சுரங்கத்தை மூடியபிறகு அவன் அப்பா, சித்தப்பா எல்லோரும் இருட்டோடு எழுந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஆனார்கள். அதைத்தான் ஏழு பாட்டாகச் செய்திருக்கிறான். மூன்றாவது பாட்டில் ஷிப்டுச் சங்கு ஊதும். அது சங்கே இல்லை. பழைய சங்குச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவன் பாட்டி வாயால் ஊதிக் காட்டியதை போனில் பிடித்து வைத்திருக்கிறான். சரியாக அந்த இடத்தில் நம் பெரியவர், "தம்பி, இது எந்தப் படம்?" என்றார். படம் இல்லை சார் என்றான். "அப்ப ஒரு ராஜா பாட்டு எடுத்து விடுப்பா."

ராஜா பாட்டு. நல்லது. 1986-ல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் போட்டார். 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. அதெல்லாம் எந்தப் படம் சார்? கதாநாயகன் யார்?

உடனே சிலர் கிளம்புவார்கள், இவளுக்கு சினிமாப் பாட்டு என்றால் இளக்காரம் என்று. என் அப்பா மர்ஃபி டவுனில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, கேசட் பதிந்து வர ஒரு வாரம் காத்திருப்பார். தொண்ணூறு நிமிட கேசட். அத்தனையும் சினிமாப் பாட்டு. ஆனால் அது ஓடும்போது வீட்டில் ஒருவரும் பேசக் கூடாது. குக்கர் விசில் அடித்தால்கூட அம்மாவைத்தான் முறைப்பார். நான் கேட்பது அதில் பாதிக்கும் குறைவு. நாற்பது நிமிடம்.

ஆல்பம் மொக்கையாக இருந்தால்? இருக்கும். பிப்ரவரியில் ஒன்றைக் கேட்டு நானே தூங்கிவிட்டேன். அது வேறு விஷயம்.

"நல்லா இருந்தா தானா ஹிட் ஆகும், எஞ்சாய் எஞ்சாமி ஆகலையா?" என்று படியிறங்கும்போது ஒருவர் கேட்டார். ஆனது, 2021-ல், உலகமே பாடியது. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு இசை இதழின் அட்டையில் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசினார்கள், பாட்டை எழுதிப் பாடிய ராப் பாடகர் அறிவின் முகம் அதில் இல்லை. ஹிட்டானவருக்கே அந்தக் கதி என்றால் இந்தத் தம்பி எந்த மூலைக்கு?

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது, ஒரு பைசாகூட. என் நான்கு பாட்டில் அதிகம் ஓடியது 611 தடவை. அதில் நூறு தடவை நானே கேட்டிருப்பேன். ஆமாம், நானும் ஓர் ஆல்பம் போட்டேன், ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து. உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இரண்டு வருடமாக மாதாமாதம் என் வீட்டு மாடிக்கு வருகிறீர்கள். நான் சொன்னதில்லை, சரி. நீங்களும் கேட்டதில்லை.

சென்னைக்காரர்களிடம் போனால் "பெங்களூரா, அங்கே தமிழ்ப் பாட்டு யாருக்கு?" என்கிறார்கள். இங்கே பாடலாம் என்றால் இடம் இல்லை. புது ஆட்களுக்கும் மேடை கொடுத்த இந்திராநகர் ஹம்மிங் ட்ரீ 2019-லேயே மூடியாயிற்று. மிச்சம் இருப்பது சங்கத்து ஆண்டு விழா. அங்கே என்ன பாடச் சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் வயதில் மூத்தவர், மரியாதை வேண்டாமா என்று இரண்டு பேர் போன் செய்தார்கள். மரியாதை இருக்கிறது. அவருக்கு டீ கொடுத்தது நான்தான், சர்க்கரை இல்லாமல், நினைவு வைத்துக்கொண்டு. அந்தத் தம்பிக்கு யாராவது போன் செய்தீர்களா?

அவன் ராஜா பாட்டைப் பாடினான். நன்றாகவே பாடினான், எல்லோரும் கைதட்டினீர்கள். கிதாரை உறையில் போடும்போது "பரவால்லக்கா, கடைசி வண்டிய விட்டுடுவேன்" என்று ஓடிவிட்டான். அவன் ஆல்பத்தில் நான்காவது பாட்டிலிருந்து இன்னும் கேட்கவில்லை நாம். அடுத்த மாதம் புது ஆல்பம் எதுவும் கிடையாது. அவனுடைய மிச்ச நான்கு பாட்டுதான்.