போருக்கு முன்னாடியே இருந்த கண்காட்சிங்க

மேல ஒருத்தர் "இங்கிலாந்து கிராமங்கள்ல நடக்குற பூ, காய்கறி கண்காட்சி எல்லாம் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அரசாங்கம் ஆரம்பிச்சு வெச்சது"ன்னு போட்டிருக்காங்க. இது தப்புங்க. போர் சமயத்துல வீட்டுத் தோட்டத்துல காய்கறி போடச் சொல்லி 'வெற்றிக்காகத் தோண்டுங்க'ன்னு பெரிய பிரச்சாரம் நடந்தது உண்மை, கிராமத்துக்கு கிராமம் விளைச்சல் சங்கங்களும் வந்துச்சு, குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனா கண்காட்சி அதுக்கு ரொம்ப முந்தினது.

யார்க்ஷயர்ல எக்டன் பிரிட்ஜ்னு ஒரு சின்ன ஊர், அங்க கூஸ்பெரிங்குற சின்னப் புளிப்புப் பழத்துக்கான போட்டி 1800லயே ஆரம்பிச்சு இன்னும் ஆகஸ்ட் மாசம் நடக்குது, எந்தப் பழம் அதிக எடையோ அதுக்குத்தான் பரிசு, தராசுல வெச்சு எடை போட்டுப் பார்ப்பாங்க. யார்க் நகரத்துப் பூ வளர்ப்போர் சங்கம் இன்னும் பழசு, 1768. சாதாரண கைத்தொழில்காரங்க ஆரிகுலா, டூலிப் எல்லாம் வளர்த்து சத்திரத்துல கூடிப் போட்டி போட்டிருக்காங்க, ஜெயிச்சவங்களுக்கு செம்புக் கெட்டில் பரிசா குடுக்குற வழக்கம் இருந்துச்சு. எனக்கு இந்த வரலாற்றுலயே ரொம்பப் புடிச்சது இதுதான், இதை அரசாங்கத்தோட கணக்குல எழுதுறது அந்த மக்களுக்குச் செய்ற அநியாயம்.

லண்டன் தோட்டக்கலைச் சங்கம் 1804ல வந்துச்சு, அந்தச் சங்கம் லண்டன் செல்சியில நடத்துற பெரிய பூக் கண்காட்சி 1913ல. அதுவே போருக்கு 26 வருஷம் முந்திங்க. அந்தப் பதிவைத் திருத்திடுங்க, ப்ளீஸ்.