ஊர்நாய் சரிவராது என்பது பிழையான கதை

"நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் சிகிச்சை நாயாகப் பழக்க லாப்ரடோர் மாதிரி சாதி நாய்தான் வேணும், அதுவும் குட்டியிலேயே தொடங்க வேணும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சுற்றுகிறது. இது உண்மையில்லை.

சிகிச்சை விலங்குகளைப் பதிவுசெய்யும் அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு கலப்பு நாய்களையும் ஏற்கிறது. ஒரு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும், வளர்ப்பவர் வீட்டில் ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. அதாவது, குட்டியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பார்க்க வேண்டியது குணத்தை. முற்றத்தில் படுத்திருக்கும் உங்கள் நாய்க்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டைப் போட்டுப் பாருங்கள். திடுக்கிடும், அது பரவாயில்லை. சில நொடியில் காதைத் தளர்த்தி உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? ஊன்றுகோல் டொக் டொக்கென்று கிட்ட வரும்போது குரைக்காமல் நிற்கிறதா? போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வன்னியில் இந்தப் பழக்கம் மிக முக்கியம். முன்பின் தெரியாதவர் தலையைத் தடவும்போது வாலை ஒடுக்கி விலகும் நாயை வற்புறுத்தவே கூடாது. அது பாவம், ஆபத்தும்கூட.

அப்புறம், "பழக்கிவிட்டால் பஸ்ஸிலும் கடையிலும் கூட்டிப்போக உரிமை உண்டு" என்பதும் தவறு. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் உதவி நாய் வேறு, இது வேறு. சிகிச்சை நாயோ, உங்களை அழைத்தவர்களின் இடத்துக்கு மட்டும், அனுமதியோடுதான் போகலாம். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.